செங்கடல் வழி அடைபட்ட சீசன்ல ரோட்டர்டாம் போன நாசிக் திராட்சை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2024 சீசன்ல நடந்தது. நாசிக் பக்கம் இருக்கற ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனம், அவங்ககிட்ட பல வருஷமா பழம் எடுக்கற நெதர்லாந்து இறக்குமதியாளர், நடுவுல ஒரு ஷிப்பிங் லைன் (கப்பல் கம்பெனி), கப்பல் புக்கிங் பார்த்துக்கற ஒரு ஃபார்வர்டர், அப்புறம் பழம் கொடுத்த விவசாயிங்க. யார் பேரும் இதுல வராது. நான் ஏற்றுமதியாளர் பக்கம் தரம் பார்க்கற டீம்ல இருந்ததால கன்டெய்னர்ல வெப்பநிலைய பதிவு பண்ற லாகரோட கிராஃப், சேதத்தப் பார்த்து எழுதற சர்வே ரிப்போர்ட், மெயில் எல்லாத்தையும் கிட்ட இருந்து பார்த்தேன். திராட்சைய கப்பல்ல அனுப்பறவங்களுக்கும் அனுப்பலாம்னு யோசிக்கறவங்களுக்கும் உபயோகப்படும்னு எழுதறேன்.

இந்தியாவுல இருந்து ஐரோப்பா போற திராட்சைல பெரும்பகுதி நாசிக் மாவட்டத்துது. செப்டம்பர், அக்டோபர்ல கவாத்து பண்ணி ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் அறுப்பாங்க. இந்த கேஸ்ல போனது தாம்சன் சீட்லெஸ், பச்சை ரகம். மும்பை பக்கத்து நவ சேவா துறைமுகத்துல குளிரூட்டற ரீஃபர் கன்டெய்னர் ஏத்தினா சூயஸ் கால்வாய் வழியா மூணு மூணரை வாரத்துல ரோட்டர்டாம். இந்தக் கணக்க வச்சுதான் அறுப்பு, பேக்கிங், பெட்டில பூஞ்சை வராம வைக்கற பேட், சூப்பர்மார்க்கெட் ஆர்டர்னு எல்லாமே அமைஞ்சிருந்துச்சு.

2023 நவம்பர்ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒன்னு, சூயஸுக்குப் போற வழில இருக்கற செங்கடல்ல கேலக்ஸி லீடர்ங்கற கப்பல யேமனோட ஹூதி கிளர்ச்சிக்காரங்க பிடிச்சாங்க, கப்பல்கள் மேல தாக்குதல் தொடர்ந்துச்சு, டிசம்பர் நடுவுல பெரிய ஷிப்பிங் லைன்கள் எல்லாம் அந்த வழிய விட்டுட்டு ஆப்பிரிக்காவ சுத்தி நன்னம்பிக்கை முனை வழியா போக ஆரம்பிச்சாங்க. பத்து நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் கூடுதல், வாடகையும் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. இன்னொன்னு, நவம்பர் கடைசில நாசிக்ல பருவம் தப்பின மழை, சில இடத்துல ஆலங்கட்டி. முதல் விஷயத்தப் பத்தி எல்லாரும் பேசிட்டே இருந்தாங்க. ரெண்டாவது, அடி வாங்குன தோட்டங்கள தவிர்த்து மத்த இடத்துல ஜனவரிக்குள்ள மறந்தே போச்சு.

போட்டி நிலவரமும் சொல்லணும். அதே மாசங்கள்ல ஐரோப்பா சந்தைல தென்னாப்பிரிக்கா பழம் இருக்கும், பின்னாடியே சிலி பழம் வரும். அவங்க கப்பல் சூயஸ் பக்கமே போறதில்ல, அதனால ரூட் மாறல. அவங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோட வர்த்தக ஒப்பந்தமும் இருக்கு, நமக்கு அப்போ இல்ல, வரி கட்டித்தான் உள்ள போகணும். அதனால தாமதமாகுது, இந்த வருஷம் வேண்டாம்னு ஐரோப்பாவ விட்டுடறது ஏற்றுமதியாளருக்கு சுலபமான முடிவு இல்ல. ஒரு சீசன் விட்டா அந்த ஷெல்ஃப் இடம் வேற நாட்டுக்குப் போயிடும்.

இறக்குமதியாளரோட ஒப்பந்தம் எம்.ஜி. (மினிமம் கேரன்டி) முறைல இருந்துச்சு. அதாவது பெட்டிக்கு ஒரு குறைந்தபட்ச விலை உறுதி, அதுக்கு மேல வித்தா கமிஷன் போக மிச்சம் ஏற்றுமதியாளருக்கு. ஆனா அந்த உறுதி "பழம் நல்ல நிலைல வந்து சேர்ந்தா"ங்கற ஒரு வரியோட கட்டியிருந்துச்சு. நல்ல நிலைன்னா என்னன்னு எங்கயும் எழுதல, எத்தனை நாள் பயணத்துக்கு இது பொருந்தும்னும் எழுதல. சூயஸ் வழி திறந்திருந்த வரைக்கும் அதுக்கு அவசியமும் வரல.

முதல் கன்டெய்னர்: பிப்ரவரி நடு

முதல் கன்டெய்னர் பிப்ரவரி முதல் வாரமே கிளம்பியிருக்கணும். காலி ரீஃபர் கிடைக்கல, ஏன்னா கப்பல்கள் சுத்திப் போறதால கன்டெய்னர்கள் திரும்பி வர்றதே லேட். புக்கிங் ரெண்டு தடவ தள்ளிப் போச்சு, அதுக்குள்ள அறுத்து பேக் பண்ணின பழம் கோல்ட் ஸ்டோர்ல ஒரு வாரத்துக்கு மேல உக்காந்துச்சு.

இங்க பேட் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி நடந்தது புரியாது. திராட்சை பெட்டில வைக்கற பேட்ல சோடியம் மெட்டாபைசல்ஃபைட் இருக்கும், பெட்டிக்குள்ள இருக்கற ஈரம் பட்டா கந்தக டை ஆக்ஸைடு வெளிய வரும். டூயல் பேட்ல முதல் சில நாள் வேகமா ஒரு டோஸ் வந்து தோல் மேல இருக்கற பூஞ்சை வித்துக்கள கொல்லும், அப்புறம் வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வந்து பரவாம பார்த்துக்கும். பழத்த ப்ரீகூலிங்ல குளிர வச்ச பிறகுதான் பேட் வச்சு லைனர, அதாவது பெட்டிக்குள்ள விரிச்ச பிளாஸ்டிக் உறைய மூடணும், சூடா இருக்கும்போதே மூடினா உள்ள வேர்த்து வாயு ஒரேயடியா வந்து காம்பு ஒட்டற இடத்துல பழம் வெளுத்துடும். அது எல்லாம் நம்ம பேக்ஹவுஸ்ல சரியாத்தான் நடந்துச்சு. ஆனா பேடோட நாள் கணக்கு லைனர் மூடின அன்னிக்கே ஓட ஆரம்பிச்சிடும், கப்பல் கிளம்பற வரைக்கும் அது காத்துட்டு இருக்காது. வாங்கி வச்சிருந்த பேட் பழைய மூணரை வாரப் பயணத்துக்குன்னு கணக்கு பண்ணி வாங்கினது. கோல்ட் ஸ்டோர்ல போன நாள யாருமே அந்தக் கணக்குல சேர்க்கல.

பழம் வந்த தோட்டங்கள்ல பாதிக்கு மேல அக்டோபர் ஆரம்பத்துல கவாத்து பண்ணினது. அப்படின்னா நவம்பர் கடைசி மழை பெஞ்சப்போ அங்க பூ முடிஞ்சு பிஞ்சு பிடிச்சிட்டு இருந்த நேரம். சாம்பல் பூஞ்சைங்கற போட்ரைடிஸ், கொத்துக்குள்ள மாட்டிக்கற பூச்சருகுல உக்காந்து அந்த நேரத்துலயே பிஞ்சுக்குள்ள நுழைஞ்சிடும், நுழைஞ்ச பிறகு பழம் பழுக்கற வரைக்கும் வெளிய ஒன்னுமே தெரியாது. பேட்ல இருந்து வர்ற வாயு தோல் மேல இருக்கறத கொல்லுமே தவிர உள்ள போனத ஒன்னும் பண்ணாது. ஜீரோ டிகிரிலயும் அது மெதுவா வளரும், நின்னுடாது. மூணரை வாரத்துல ஒரு பழத்தோட நிக்கற விஷயம் எட்டு வாரத்துல பக்கத்து பழம், பக்கத்து கொத்துன்னு கூடு கட்டிடும்.

அறுக்கும்போது இனிப்பு 18, 19 பிரிக்ஸ். பார்க்க அருமையான பழம். ஒரு விவசாயி எங்க ஆளுகிட்ட, "பாவு, மழையில தப்பிச்ச பழம் இது, பயப்படாம தூக்குங்க"ன்னு சொன்னாரு. அவர் சொன்னதுல பொய் எதுவும் இல்ல, கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது தப்பிச்ச பழம்தான்.

மருந்து எச்சம் பார்க்கற ரெசிட்யூ டெஸ்ட் எல்லாம் கிளீனா பாஸ். இந்த இடத்துல ஒரு கருத்து சொல்லணும்னு தோணுது. 2010ல குளோர்மெக்வாட்ங்கற வளர்ச்சி ஊக்கி மருந்தோட எச்சம் அளவுக்கு மேல இருக்குன்னு ஐரோப்பாவுல நம்ம திராட்சை கன்டெய்னர்கள் மொத்தமா மாட்டிக்கிச்சு, விவசாயிங்க கடன்ல விழுந்தாங்க, அந்த அடி இன்னும் நாசிக்ல யாருக்கும் மறக்கல. அதுக்கப்புறம், அபேடாங்கற மத்திய அரசு ஏற்றுமதி அமைப்பு ஏற்கனவே நடத்திட்டு இருந்த கிரேப்நெட் பதிவு, அறுப்புக்கு முன்னாடி சாம்பிள், லேப் ரிப்போர்ட்னு எச்சம் பத்தின கட்டுப்பாடு ரொம்ப இறுகிடுச்சு, அது நல்லதுதான், அதனாலதான் இன்னிக்கும் இந்த வியாபாரம் நிக்குது. ஆனா ஒரு லாட் (ஒரு தொகுதிப் பழம்) கிளீன்னு சொன்னா எச்சம் இல்லங்கறது மட்டும்தான் எல்லார் மனசுலயும் வருது. அந்தப் பழம் எத்தனை வாரம் தாங்கும்ங்கற கேள்விக்கு எந்த பேப்பர்லயும் ஒரு கட்டம் கிடையாது.

கன்டெய்னர்ல ஏத்தின அன்னிக்கு பல்ப் டெம்பரேச்சர், அதாவது பழத்துக்குள்ள இருக்கற வெப்பநிலை, ஜீரோ பக்கத்துல இருந்துச்சு, ரீஃபர் செட்டிங் மைனஸ் 0.5. ரீஃபர் சூடா இருக்கற பழத்த குளிர வைக்கறதுக்கு செஞ்சது இல்ல, குளிர்ந்து வந்தத அப்படியே காப்பாத்தத்தான் முடியும், அதனால இந்த அளவு முக்கியம், இது சரியா இருந்துச்சு. ஒரே ஒரு லாகர், கதவுப் பக்கம், பெட்டிகள அடுக்கற கடைசி பேலட்ல வச்சாங்க.

மார்ச்: நடுக்கடல்ல தெரிய வந்தது

நேரடி சர்வீஸ்ல வாடகை அதிகம்னு நடுவுல கப்பல் மாத்தற, அதாவது டிரான்ஷிப்மென்ட் இருக்கற ரூட் எடுத்திருந்தாங்க. நடு போர்ட்ல நெரிசல், அடுத்த கப்பல் பிடிக்க பத்து நாளைக்கு மேல ஆச்சு. மார்ச் நடுவுல ஃபார்வர்டர் மெயில் போட்டு ஏப்ரல் முதல் வாரம்தான் ரோட்டர்டாம்னு உறுதி பண்ணினாரு. அறுத்த நாள்ல இருந்து கணக்கு பார்த்தா எட்டு வாரம் தாண்டுது.

அந்த நேரத்துல ரெண்டாவது கன்டெய்னர் ஏற்கனவே கடல்ல. அது நேரடி சர்வீஸ், கோல்ட் ஸ்டோர்ல மூணு நாள்தான் இருந்துச்சு, ஆனா பேட் அதே பழைய பேட், தோட்டங்களும் கலவைதான். மூணாவது கன்டெய்னருக்கு பழம் இன்னும் கொடில தொங்குது. முதல் கன்டெய்னருக்குள்ள என்ன நிலைன்னு யாருக்கும் தெரியாது, கதவு திறக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. கையில இருந்தது நாள் கணக்கு மட்டும்தான்.

ரெண்டாவது கன்டெய்னர வேற போர்ட்டுக்கு மாத்த முடியுமான்னு முதல்ல கேட்டாங்க. அந்தக் கப்பல் போற வழில நமக்கு உதவற எந்த போர்ட்லயும் நிக்காது, முடியாதுன்னு பதில். அதனால ஏற்றுமதியாளர் ஒரு முடிவு எடுத்தாரு, இந்த கேஸ்லயே நான் ரொம்ப மதிக்கறது அந்த முடிவுதான்: இறக்குமதியாளர்கிட்ட முன்கூட்டியே எல்லாத்தையும் சொல்லிடறது. முதல் கன்டெய்னர் பழம் இத்தனை நாள் கோல்ட் ஸ்டோர்ல இருந்துச்சு, பேட் இது, எந்தெந்த தோட்டம் மழைல நனைஞ்சுச்சு, ரெண்டாவதுல என்ன வித்தியாசம், எல்லாமே எழுதி அனுப்பினாரு. உள்ளயே சில பேர் எதிர்த்தாங்க, நாமளே எழுதிக் கொடுத்தா நாளைக்கு க்ளைம்ல நமக்கு எதிராவே திரும்பும்னாங்க. அந்த பயம் நியாயமானதுதான், கடைசில கொஞ்சம் திரும்பவும் செஞ்சுச்சு. ஆனா அந்த மெயில் போனதாலதான் இறக்குமதியாளர் ரெண்டாவது கன்டெய்னர சூப்பர்மார்க்கெட் புரோகிராம்ல (முன்கூட்டியே பேசி வச்ச சப்ளைல) இருந்து எடுத்துட்டு, வந்த உடனே மொத்த சந்தைல விக்க ஆள் பேசி வச்சாரு.

மூணாவதுக்கு மொத்த முறையும் மாறுச்சு. நவம்பர் மழை படாத தோட்டமா, அதுவும் கவாத்து தேதி பார்த்து, மழை பெஞ்சப்போ பிஞ்சு நிலைல இல்லாத தோட்டமா பார்த்து தேர்ந்தெடுத்தாங்க. பிரிக்ஸ் 17 தொட்டதும் அறுப்பு, 19 வரைக்கும் விடல. இதுல விவசாயிங்களோட பெரிய வாக்குவாதமே நடந்துச்சு, ஏன்னா நாலு நாள் விட்டா எடையும் கூடும், அவங்களுக்கு அது நேரடியா காசு. எங்க சூப்பர்வைசர் ஒவ்வொரு தோட்டமா போய், "காகா, கொடில இருக்கற நாலு நாளையும் கப்பல்ல இருக்கற நாளோட சேர்த்துத்தான் பழம் வாழணும்"னு பேசிப் பேசி சம்மதிக்க வச்சாரு, கிலோவுக்கு கொஞ்சம் விலையும் கூட்டிக் கொடுத்தாங்க. மார்ச்ல நாசிக் வெயில் ஏறிடும், அதனால விடிகாலைல ஆரம்பிச்சு வெயில் வர்றதுக்குள்ள அறுப்ப முடிச்சிடணும்னு ஆச்சு. பேட் நீண்ட பயணத்துக்கானது. காலி ரீஃபர் கையில வந்த பிறகுதான் அறுப்பே. ரூட் நேரடி சர்வீஸ், வாடகை எவ்வளவா இருந்தாலும். லாகர் ஒன்னுக்கு பதில் மூணு: முன்னாடி, நடு, கதவுப் பக்கம்.

ஏப்ரல்: கதவு திறந்தப்போ

முதல் கன்டெய்னர்ல அஞ்சுல ஒரு பங்கு பெட்டிகள்ல சாம்பல் பூஞ்சை கூடு இருந்துச்சு. மீதியிலயும் காம்பு காஞ்சு பழுப்பாயிடுச்சு, கொத்த தூக்கினா பழம் உதிர்ந்துச்சு. கதவுப் பக்கம் இருந்த பேலட்கள்தான் மோசம். லாகர்ல பெரும்பாலும் ஜீரோ பக்கத்துல நேர்கோடு, ஆனா டிரான்ஷிப்மென்ட் போர்ட்ல ரெண்டு இடத்துல கோடு மேல எழும்பி நாலு டிகிரிய தாண்டியிருந்துச்சு. கப்பல்ல இருந்து இறக்கி யார்டுல பிளக் போடற வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்திருக்கணும்.

இறக்குமதியாளர் அதே நாள் சேதத்த மதிப்பிடற சர்வேயர கூப்பிட்டாரு, ஷிப்பிங் லைனுக்கும் எழுத்துல நோட்டீஸ் போச்சு. இந்த அவசரத்துக்கு காரணம் இருக்கு. வெளிய தெரியாத சேதத்துக்கு டெலிவரில இருந்து மூணு நாளுக்குள்ள நோட்டீஸ் கொடுக்கணும்ங்கறது கடல் சரக்குக்கான சர்வதேச ஹேக் விஸ்பி விதிகள்ல இருக்கு, கேஸ் போட ஒரு வருஷம்தான் டைம். மூணு நாள் தாண்டினா உரிமையே போயிடாது, ஆனா சரக்கு நல்லபடியாத்தான் வந்துச்சுன்னு முதல்ல எடுத்துப்பாங்க, இல்லன்னு நிரூபிக்கற பாரம் நம்ம தலைல விழும்.

அடுத்த கேள்வி பழத்த என்ன பண்றது. மொத்தமா நிராகரிச்சா அழிக்கற செலவும் நம்ம மேல வரும். பிரிச்சு, கழிச்சு, பனட்ல (கடைல விக்கற சின்ன டப்பால) மறுபேக் பண்ண அங்க கூலி அதிகம், அதுவும் ஒவ்வொரு நாளும் பூஞ்சை வளர்ந்துட்டே இருக்கு. கதவுப் பக்கப் பேலட்கள அன்னிக்கே கிடைச்ச விலைக்கு தள்ளிட்டு உள்பக்கம் இருந்தத மட்டும் மறுபேக் பண்ணலாம்னு ரெண்டு பக்கமும் ஃபோன்லயே முடிவு பண்ணினாங்க. அது சரியான முடிவுதான். ஆனாலும் எல்லாச் செலவும் போக கையில வந்தது வாடகைக்கே பத்தல.

ரெண்டாவது கன்டெய்னர்ல பூஞ்சை அங்கங்க இருந்துச்சு, காம்பு பாதி பச்சை. மொத்த சந்தைக்குன்னு ஏற்கனவே பேசி வச்சிருந்ததால ரெண்டே நாள்ல காலி, லாபம் இல்ல, பெரிய நஷ்டமும் இல்ல. அதே பழம் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிருந்தா அவங்க தரச் சோதனைல முழுசா திரும்பி வந்திருக்கும்.

மூணாவது கன்டெய்னர் ஏப்ரல் கடைசில போய்ச் சேர்ந்துச்சு. காம்பு பச்சை, பூஞ்சை சில பெட்டிகள்ல ஒன்னு ரெண்டு பழத்தோட நின்னிருந்துச்சு, புரோகிராம் விலைக்கே எடுத்துக்கிட்டாங்க. இனிப்பு கொஞ்சம் கம்மின்னு ஒரு குறிப்பு மட்டும் வந்துச்சு. சீசன் கடைசில மிச்சமிருந்த பழம் ஐரோப்பா பக்கம் போகவே இல்ல, துபாய்க்கும், லாரில பங்களாதேஷுக்கும் போச்சு, விலை கம்மி ஆனா வழி குறைவு.

பணம் யார் தலைல விழுந்துச்சு

இன்ஷூரன்ஸ் முதல்ல கை விரிச்சாங்க. சரக்கு காப்பீட்டுல வழக்கமா வர்ற இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ்ல தாமதத்தால வர்ற நஷ்டம் கிடையாதுன்னே எழுதியிருக்கு, தாமதத்துக்கு காரணம் காப்பீடு செஞ்ச ஆபத்தாவே இருந்தாலும் கிடையாது. சரக்கோட இயல்பாலயே வர்ற கேடும் கிடையாது. "ஆல் ரிஸ்க்"னு பாலிசி மேல இருந்தத நம்பிட்டு உள்ள படிக்காம இருக்கறவங்க நிறைய பேர்.

ஷிப்பிங் லைன், வழி மாத்தற உரிமை பி.எல்.லயே (சரக்கு ஏத்தினதுக்கு லைன் கொடுக்கற பில் ஆஃப் லேடிங்லயே) இருக்கு, நாள் கணக்குக்கு நாங்க உத்தரவாதம் கொடுக்கலன்னாங்க. வெப்பநிலை ஏறின அந்த ரெண்டு இடத்துக்கு மட்டும் பேச்சுவார்த்தைக்கு வந்தாங்க. ஒரே லாகர், அதுவும் கதவுப் பக்கம் இருந்ததால, உள்ள இருந்த பேலட்கள் வரைக்கும் சூடு போச்சான்னு நிரூபிக்க முடியல. அவங்க சர்வேயர் பூஞ்சை தோட்டத்துல இருந்தே வந்ததுன்னாரு, அதுக்கு மழை பத்தின நம்ம மெயிலையே எடுத்துக் காட்டினாங்க. நம்ம தரப்பு சர்வேயர் கதவுப் பக்கம் மட்டும் ஏன் அதிகம்னு கேட்டாரு. என் கணிப்புல ரெண்டும் சேர்ந்ததுதான்: உள்ள உக்காந்திருந்த பூஞ்சை, அதுக்கு நாள் கொடுத்த பயணம், தீர்ந்து போன பேட், கடைசில அந்த நாலு டிகிரி. எது எவ்வளவுன்னு பிரிக்கறதுக்கு தேவையான ரெக்கார்டு இல்ல. கேட்டதுல சின்ன பங்குக்கு சமாதானம் ஆச்சு.

எம்.ஜி. விஷயத்துல, முதல் கன்டெய்னருக்கு உறுதி விலை கிடையாதுன்னு இறக்குமதியாளர் சொல்லிட்டாரு. அடுத்த சீசன் உறவு வேணும்னு ஏற்றுமதியாளர் வழக்குக்குப் போகல, ரெண்டாவது கன்டெய்னருக்கு இறக்குமதியாளர் கமிஷன் குறைச்சு வாங்கிக்கிட்டாரு.

என்ன மாறுச்சு, என்ன மாறல

அடுத்த சீசன் ஒப்பந்தத்துல "நல்ல நிலை"ங்கறதுக்கு அளவு எழுதினாங்க, பூஞ்சை இத்தனை சதவீதம் வரைக்கும், காம்பு நிறம் இந்த போட்டோ வரைக்கும்னு. எத்தனை நாள் பயணம் வரைக்கும் எம்.ஜி. முழுசா பொருந்தும், அதுக்கு மேல போனா நஷ்டத்த எப்படி பிரிச்சுக்கறதுன்னும் ஒரு வரி வந்துச்சு. பேக்ஹவுஸ்ல ஒவ்வொரு லாட் அட்டைலயும் கவாத்து தேதி, மழை தேதி, லைனர் மூடின தேதி மூணும் எழுதறாங்க, புக்கிங் தள்ளிப்போனா அந்த லாட் ஐரோப்பா லிஸ்ட்ல இருந்து தானாவே வெளிய வந்துடும். ஒவ்வொரு லாட்லயும் ரெண்டு பெட்டி கோல்ட் ஸ்டோர்லயே நிறுத்தி வாராவாரம் திறந்து பார்க்கறாங்க, கடல்ல இருக்கற பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஓரளவுக்கு இங்கயே தெரியுது. என்னைக் கேட்டா இத்தனை மாற்றத்துலயும் செலவு கம்மி, பலன் அதிகம் இதுதான், இதை எல்லாருமே நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

மாறாதது விவசாயிங்க பக்கம். முதல் கன்டெய்னருக்கு பழம் கொடுத்தவங்களுக்கு முதல் தவணை போயிருந்துச்சு, ரெண்டாவது தவணை ரொம்ப தள்ளிப் போச்சு, முழுசா கொடுத்தாங்க, ஆனா பூச்சிமருந்துக் கடைக் கடனுக்கு வட்டி ஏறின பிறகுதான் கொடுத்தாங்க. அவங்கள்ல ரெண்டு பேர் அடுத்த வருஷம் வேற ஏற்றுமதியாளர்கிட்ட போயிட்டாங்க. கடல்ல நாள் கூடினா அந்தச் சுமைல யாருக்கு எவ்வளவுன்னு இறக்குமதியாளரோட எழுத்துல வந்தாச்சு, விவசாயிகளோட இன்னும் வாய்ப்பேச்சுதான். சீக்கிரம் அறுக்கச் சொன்னா எடைல போற காசுக்கு ஈடு எவ்வளவுங்கறதும் ஒவ்வொரு தோட்டத்துலயும் தனித்தனியா பேரம் பேசித்தான் நடக்குது. ஒரு பொதுவான விலைப்பட்டியல் போடணும்னு எங்க டீம்ல இருந்து எழுதிக் கொடுத்திருக்கோம், நிர்வாகம் இன்னும் பதில் சொல்லல.